வேறுபடுத்துக: இலுப்பை மரம் – வவ்வால்

என் தங்கச்சி மகன் எட்டாம் வகுப்பு, பாளையங்கோட்டையில் படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் பண்ணி, "மாமா, ஒரு தாவரம் ஒரு விலங்கு எடுத்து வேறுபடுத்துகன்னு பத்து வரி எழுதணும், நாளைக்குக் காலைல நோட்டு வைக்கணும்" என்றான். வகுப்பில் பாதிப் பேர் மாமரமும் மாடும், மீதிப் பேர் ரோஜாவும் நாயுமாம். எனக்குத் தூக்கக் கலக்கம், அதோடு கொஞ்சம் பந்தாவும் சேர்ந்துகொண்டது. "ஏல, எல்லாரும் எழுதுறத நீ என்னத்துக்கு எழுதுத? இலுப்பையும் வவ்வாலும் எழுது" என்று சொல்லி, அரை மணி நேரம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், அவனும் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. பத்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "வேறுபாடு கேட்டால் ஒற்றுமை எழுதியிருக்கிறாய்."

டீச்சர் சொன்னதில் தப்பே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பத்து வரியில் ஆறு வரி ஒற்றுமைதான். பையன் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. சரி, இப்போதாவது ஒழுங்காக வேறுபடுத்திப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால், ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒற்றுமைப் பக்கமே சாய்கிறது. அதனால் அந்தப் பத்து வரியை இங்கே விரித்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இங்கே மார்க் போட ஆளில்லை.

முதலில் எந்த இலுப்பை, எந்த வவ்வால் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், தாமிரபரணியை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு சாஸ்தா கோயில். அதைச் சுற்றி என் சின்ன வயதில் ஏழு இலுப்பை நின்றன, இப்போது நான்கு. கோயிலுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் பெரிய பெரிய மருத மரங்கள். அந்த மருதங்களில்தான் வவ்வால்கள் தொங்கும். கோயில் மண்டபத்துக்குள் எச்சம் போட்டு நாறடிக்கும் சின்ன வவ்வால் இல்லை இது, அது பூச்சி தின்பது. நான் சொல்வது பழந்தின்னி. இறக்கையை விரித்தால் நாலடிக்கு மேல் இருக்கும், பெரிய ஆண் ஒன்றரைக் கிலோ வரை எடை போடும், முகம் அப்படியே நரி. பகலில் பார்த்தால் மரத்தில் யாரோ கறுப்புக் குடையை மடக்கி மடக்கித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். சங்கப் பாட்டுகளில் இதற்கு வாவல் என்று பேர், மலையாளத்தில் இன்றைக்கும் அதேதான். இலுப்பைக்கும் அங்கே இருப்பை என்று பேர், அதன் பூவைக் கரடி தின்னுவதாகப் பாட்டில் வரும். இரண்டுமே நம் மொழியில் ரொம்பப் பழைய குடிகள்.

பழமொழியிலிருந்து ஆரம்பித்தேன் அவனுக்கு. இலுப்பைக்கு இருக்கும் பேர்போன பழமொழி எல்லாருக்கும் தெரியும், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வவ்வாலுக்கு இருப்பது, வவ்வால் வீட்டுக்கு விருந்து வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பது. இரண்டும் மட்டம் தட்டுகிற பழமொழிதான். ஒன்று, சரியான பண்டம் கிடைக்காதவன் இதை வைத்துச் சமாளிக்கிறான் என்கிறது. இன்னொன்று, வீட்டில் ஒன்றுமில்லாதவன் விருந்தாளியையும் தன்னைப் போலவே தொங்கவிடுகிறான் என்கிறது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த வவ்வால் வீட்டு விருந்துக்கே இலுப்பைப்பூ சர்க்கரைதான் போடுவார்கள் என்பதை இரண்டு பழமொழியையும் கட்டினவர்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வவ்வாலுக்கு அதுதான் சர்க்கரை.

பூவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அதுதான். மாசி முடியும்போது இலுப்பை இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். கிளை நுனியில் செம்பு நிறத்தில் தளிர் விடுகிற சமயத்தில், கொத்துக் கொத்தாக மொட்டு வைக்கும். எல்லாப் பூவும் தலைகீழாகத்தான் தொங்கும். ஒன்றுகூட வானத்தைப் பார்க்காது. ஒவ்வொன்றும் நீளக் காம்பில் தொங்க, பூவுக்கு வெளியே சூல்தண்டு மட்டும் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இதழ் தனித்தனியாக இல்லை, வெள்ளையும் மஞ்சளும் கலந்த சதைப்பற்றான ஒரு சின்னக் குடுவை. அந்தக் குடுவை முழுக்கச் சர்க்கரை. ராத்திரியில் மணக்கும், விடியும்போது பொலபொலவென்று தானே கழன்று விழும். சின்னப் பிள்ளையில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் ராத் தங்குவோம், மெட்ராஸ், பம்பாய் என்று போனவர்கள்கூட அன்றைக்குக் குலதெய்வத்துக்கு வந்துவிடுவார்கள். விடியக்காலம் எழுந்து பார்த்தால் விரித்த ஜமுக்காளம், ஆச்சியின் கொண்டை, அடுப்புக் கல், எல்லாவற்றின் மேலும் இலுப்பைப்பூ. பொறுக்கி வாயில் போட்டால் முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டையில் ஒரு கமறல். நாலைந்துக்கு மேல் என்னால் தின்ன முடிந்ததில்லை.

இந்தப் பூ ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பூச்சி தின்னும் வவ்வால் போல இருட்டில் கத்தி, எதிரொலி கேட்டு வழி கண்டுபிடிக்கும் வித்தை இந்தப் பெரிய பழந்தின்னிக்குக் கிடையாது. அதற்குக் கண்ணும் மூக்கும்தான். அதனால் இந்த மரம் நிலா வெளிச்சத்தில் தெரிகிற வெளிறிய நிறத்தில் பூக்கிறது, ராத்திரியில் மணக்கிறது, பெரிய இறக்கையோடு வருகிறவன் மோதிக்கொள்ளாமல் இருக்க இலையை முன்னாலேயே உதிர்த்துவிட்டு நிற்கிறது. வவ்வால் வந்து அந்தச் சதைக் குடுவையை அப்படியே உருவித் தின்னும். பூவே போச்சே என்று நமக்குத் தோன்றும், ஆனால் சூலகமும் சூல்தண்டும் காம்பிலேயே நின்றுவிடும். இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு, இந்த மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மூஞ்சியில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு போவதுதான் அது கொடுக்கிற கூலி. தின்னக் கொடுத்தது போக, காய்க்க வேண்டியது கிளையிலேயே பத்திரமாக இருக்கிறது. இவ்வளவு கணக்காக நம்மூரில் யாரும் பந்தி வைத்து நான் பார்த்ததில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இலுப்பைப் பூவுக்கு ராத்திரி யார் யார் வருகிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். மூன்று வகை வவ்வால் வருகிறது: நம்ம பெரிய பழந்தின்னி, குட்டைமூக்குப் பழந்தின்னி, அப்புறம் குகையிலும் பாழடைந்த கட்டடத்திலும் தங்குகிற இன்னொரு நடுத்தரச் சாதி. பெரியது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனையெல்லாம் விரட்டும். ராத்திரி கோயிலில் கேட்கிற அந்தக் கீச்சுச் சண்டை இதுதான், நாங்கள் பேய் என்று நினைத்துப் போர்வைக்குள் போனது.

குட்டைமூக்கைப் பற்றி ஒரு இடைச்செருகல், பாளையங்கோட்டைப் பையன்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. அந்தச் சின்னப் பழந்தின்னியில் ஆண் வவ்வால் கொடியின் தண்டுகளைக் கடித்துக் கடித்துக் கூடாரம் மாதிரி ஒரு இடம் செய்து, அதில் பெண்களைச் சேர்த்துக் குடித்தனம் நடத்தும். நெட்டிலிங்க மரத்திலும் கட்டும், பனையிலும் தங்கும். இதைக் கவனித்து 1995-இல் கட்டுரை எழுதினவர்களில் பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரி விலங்கியல்காரர்கள் உண்டு. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவன் படிக்கிற விஷயத்தை நம்ம பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மரத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் மருமகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, அது வேற வவ்வால், தலைப்புக்கு வாங்க" என்றான்.

தலைப்புக்கு வருகிறேன். பூ முடிந்து காய் பிடித்து, ஆனியிலிருந்து ஆவணிக்குள் பழுக்கும். பழுத்தாலும் நிறம் பெரிதாக மாறாது, பச்சையும் மஞ்சளுமாக அப்படியே இருக்கும். காக்காயும் கிளியும் தேடுகிற சிவப்பு கறுப்பு எதுவும் அதில் வராது. ஆனால் வாசனை வரும். மறுபடியும் ராத்திரி விருந்தாளியை மனதில் வைத்துத்தான். வவ்வால் இதை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது, சண்டைக்குப் பயந்தோ என்னவோ வாயில் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த் தொங்கும். சதையை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையைத் துப்பிவிட்டு, கொட்டையைக் கீழே போட்டுவிடும். பழத்துக்கு ஒன்றிரண்டு கொட்டை, பளபளவென்று பழுப்பாக, படகு மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆச்சி வருகிறாள். ஆச்சிக்கு இலுப்பை மரத்தடியில் பொறுக்குவது பிடிக்காது, சதையோடு கிடக்கும், ஈ மொய்க்கும், உரித்து அலசிக் காயவைக்க வேண்டும். அவள் நேரே மருத மரத்தடிக்குப் போவாள். அங்கே வவ்வால் உரித்து, சப்பி, சுத்தம் பண்ணிப் போட்ட கொட்டை கிடக்கும். "நமக்கு சம்பளம் இல்லாத வேலைக்காரன்ல அவன்" என்பாள். ஆடி மாதம் சாரல் தூறிக்கொண்டிருக்கும், குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று வந்து சேலையைப் பிடுங்கும், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நானும் அவளும் சாக்கோடு போவோம். மேலேயிருந்து எச்சம் விழும், கொட்டையும் விழும், எது எது என்று பார்த்து ஒதுங்க வேண்டும். நாட்டு வாதாங்கொட்டையும் கிடைக்கும், அது எனக்கு. கல்லில் வைத்து உடைத்தால் உள்ளே விரல் தண்டிக்கு ஒரு பருப்பு. வவ்வால் கடித்த கொய்யாவும் அணில் கடித்த மாம்பழமும்தான் நல்ல இனிப்பு என்று எங்கள் தெருவில் ஒரு சாஸ்திரமே உண்டு, அதையும் அப்படியே துடைத்துத் தின்றிருக்கிறோம். இப்போது அதைச் செய்யாதீர்கள், காரணம் கீழே வரும்.

கொட்டையைக் காயவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பைச் செக்குக்குக் கொண்டுபோனால் எண்ணெய் நன்றாகவே கிடைக்கும், பருப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். மார்கழியில் நெய் மாதிரி உறைந்து போத்தலை விட்டு வெளியே வராது, வெயிலில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னால் ஏழை வீட்டிலும் கோயிலிலும் எரிந்தது பெரும்பாலும் இதுதான். பிழிந்த புண்ணாக்கு தலைக்குத் தேய்க்க, அரப்பு என்போம். நுரை வரும், கண்ணில் பட்டால் உயிர் போகும். அதே புண்ணாக்கைக் குட்டையில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும், அதையும் செய்தவர்கள் உண்டு. ஆச்சி வருஷத்துக்கு இரண்டு படி எண்ணெய் சாஸ்தாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீதியை வீட்டில் வைப்பாள். அதாவது சாஸ்தா கோயில் விளக்கு எரிந்தது வவ்வால் எச்சில்பட்ட கொட்டையில். இதை இன்றைக்குக் கோயில் கமிட்டியில் சொன்னால் என்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

பையன் நோட்டில் நாலு மார்க் வாங்கின வேறுபாடுகள் எவை என்றும் சொல்லிவிட வேண்டும். மரம் சோறு சமைக்கும், வவ்வால் சமைக்காது. மரம் நகராது, வவ்வால் ஒரு ராத்திரியில் பல மைல் போய்வரும். மரம் முட்டையும் போடாது குட்டியும் போடாது, வவ்வால் பறந்தாலும் பாலூட்டி. நாலாவது, மரத்துக்கு ரத்தம் கிடையாது. நான்கும் சரி. நான்கிலும் ஒரு சுவாரசியமும் இல்லை, அதற்குத்தான் மார்க் கிடைத்தது.

டீச்சர் அடித்துவிட்ட வரிகளில் எனக்குப் பிடித்தது அவசரம் பற்றியது. எலியைப் போல வவ்வாலும் வருஷத்துக்கு நாலு தடவை ஈனும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழந்தின்னி வருஷத்துக்கு ஒரு குட்டிதான். சூல் பிடித்து, ஏறக்குறைய ஐந்து மாதம் சுமந்து, மாசி பங்குனியில் ஈனும். முதல் சில வாரம் குட்டி தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டே இருக்கும், தாய் அதையும் சுமந்துகொண்டுதான் இரைக்குப் பறக்கும். பால் கொடுக்கிற தாய்க்கு அதிகமாகச் சர்க்கரை வேண்டிய அந்த மாதத்தில்தான் இலுப்பை பூக்கிறது. குட்டி தானே பறந்து இரை தேடப் பழகுகிற ஆனி ஆடியில் பழம் பழுக்கிறது. இலுப்பையும் அதே மாதிரி அவசரமில்லாதது. விதை போட்டுக் காய் பார்க்க எட்டுப் பத்து வருஷம், செழித்துக் காய்க்க அதைப்போல இரண்டு மடங்கு. நட்டவன் எண்ணெய் எடுத்ததில்லை என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள், கொஞ்சம் மிகைதான். பழந்தின்னி கூண்டில் 30 வருஷத்துக்கு மேல் வாழ்ந்த கணக்கும் உண்டு. இரண்டுமே மெதுவாகச் சேர்த்து வைப்பவை, அதனால் ஒரு தடவை அழித்தால் சீக்கிரம் திரும்பி வராதவை.

மருந்து விஷயத்திலும் இரண்டுக்கும் ஒரே தலையெழுத்து. மூட்டு வலிக்கு இலுப்பை எண்ணெய், வவ்வால் நெய்யும் மூட்டு வலிக்குத்தான். ஆனால் வவ்வாலுக்குக் கூடுதலாக ஒரு கெட்ட நேரம், இழுப்பு நோய்க்கு அதன் கறி நல்லது என்று ஒரு நம்பிக்கை. என் சித்தப்பாவுக்கு இழுப்பு உண்டு, அவருக்காக ரெண்டு தடவை யாரோ சுட்டுக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது, வீட்டுக்கு வெளியே தனி அடுப்பு மூட்டி மிளகு போட்டு வைத்தார்கள். சித்தப்பாவுக்கு இழுப்பு கடைசி வரை இருந்தது. பிற்பாடு டாக்டர் கொடுத்த இன்ஹேலர்தான் அவரைத் தூங்க வைத்தது.

சட்டமும் வவ்வாலை அப்படித்தான் வைத்திருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்காய், எலி, சுண்டெலி இவற்றோடு பழந்தின்னி வவ்வாலையும் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் போட்டிருந்தார்கள், அதாவது யாரும் கொல்லலாம், கேட்பாரில்லை. ஐம்பது வருஷம் அப்படியே கிடந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தத் தீங்குயிர் அட்டவணையே எடுபட்டது. இலுப்பைக்கு இந்த மாதிரி அவப்பேர் எதுவும் கிடையாது. மஞ்சள் துணி கட்டுவார்கள், சில கோயில்களில் தலமரம், மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு என்று ஊர்ப்பெயரே அதனால் வந்தது, நம் பக்கம் கோவில்பட்டியை ஒட்டி இலுப்பையூரணி. கும்பிட்டுக்கொண்டேதான் வெட்டினோம். கரண்டு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது, சோப்பு வந்தது, இலுப்பைக்குச் சோலி போய்விட்டது. எங்கள் கோயிலின் ஏழில் ஒன்று புயலில் விழுந்தது, இரண்டு ரோட்டை அகலப்படுத்தும்போது போயின. அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும்தான். மஞ்சள் துணியை மட்டும் அவிழ்த்து அடுத்த மரத்தில் கட்டினார்கள்.

இப்போது கடையில் பஞ்சதீப எண்ணெய் என்று போத்தலில் விற்கிறார்கள், ஐந்து எண்ணெயில் இலுப்பை எண்ணெயும் ஒன்று என்று லேபிளில் இருக்கும். ஒரு தடவை வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஆச்சி வீட்டு வாசனை அதில் இல்லை. சிலவேளை என் மூக்கு மாறியிருக்கலாம்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலுப்பைக்கு அறிவியல் பெயர் வைத்தவர் கோனிக், லின்னேயஸின் மாணவர், தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்களின் மருத்துவராக வந்தவர். அவர் வைத்த பாசியா என்ற பெயர் போய், மதுகா லாஞ்சிஃபோலியா என்று ஆனது, முன்பாதி மது, பின்பாதி நீள இலை. பழந்தின்னிக்கும் ஜைகான்டியஸ் என்று இருந்த பெயரை இப்போது மீடியஸ் என்று மாற்றிவிட்டார்கள், அதாவது ராட்சசனாக இருந்தது நடுத்தரம் ஆகிவிட்டது. மருதத்தில் தொங்குவதற்கு இந்தப் பதவி இறக்கம் இன்னும் தெரியாது.

சரி, வவ்வால் கடித்த பழத்தை இப்போது தின்னாதீர்கள் என்றேனே, அந்தக் காரணத்துக்கு வருகிறேன். 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்ததும், அந்தக் கிருமி பழந்தின்னியின் உடம்பில் தங்குகிறது என்று டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது உண்மைதான். வங்கதேசத்தில் வவ்வால் நக்கின ஈச்சம் பதநீரைக் குடித்து நோய் வந்ததும் உண்மைதான். அதனால்தான் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், விழுந்து கிடக்கிற வவ்வாலைக் கையால் எடுக்காதீர்கள், மரத்தடியில் பொறுக்கினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று நானும் சொல்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் செய்தது என்ன? கோயில் கொடைக்கு வாங்கின வெடியில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் மருத மரத்தடியில் வெடித்தார்கள். வைகாசி மாதம், கத்திரி வெயில், வவ்வால்கள் இறக்கையால் விசிறிக்கொண்டு மார்பை நக்கி நக்கி உடம்பைக் குளிரவைத்துக்கொண்டிருந்த பகல் நேரம். பாதி வவ்வாலின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வெடிச் சத்தத்தில் வானம் கறுத்துப் போனது. பறக்கத் தெரியாத குட்டிகள் சில கீழே விழுந்தன. பயந்துபோன கூட்டத்தைக் கலைத்து ஊர் முழுக்கப் பறக்கவிடுவது நோய்க்கு நல்லதா கெட்டதா என்று யாருக்கும் யோசிக்க நேரமில்லை. கூந்தன்குளம் நம்ம ஜில்லாவில்தான் இருக்கிறது, அங்கே பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வைக்க மாட்டார்கள். அது நாரை, இது வவ்வால் என்பார்கள்.

நான் அப்போது சென்னையில் இருந்தேன், மதினி போனில் சொன்னாள். "சவத்தக் கலச்சி விட்டாச்சி, இனி நாத்தம் இல்ல" என்றாள். நானும் "சரி மதினி" என்றுதான் சொன்னேன்.

இப்போது ஒரு நல்ல வேறுபாடு கிடைத்துவிட்டது பாருங்கள், டீச்சருக்கே பிடிக்கும். வெடி வெடித்தால் வவ்வால் போய்விடும், மரம் போக முடியாது. கூட்டம் ஆற்றைத் தாண்டி அக்கரையில் ஒரு தோப்பில் போய்த் தொங்கியது. ராத்திரி மட்டும் இலுப்பைக்கு வருகிறது, வரத்து முன்னைக்குக் குறைவு. தின்கிற பழத்தை அக்கரைக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் விழுகிற பழம் தாய் மரத்தின் காலடியிலேயே விழுந்து, குவிந்து, அழுகுகிறது. முளைத்தாலும் அந்த நிழலில் ரெண்டு இலைக்கு மேல் வளர்வதில்லை. போன வருஷம் நான் ஒரு வேலை செய்தேன். ஊருக்கு வந்தபோது எடுத்து வைத்திருந்த இலுப்பைக் கொட்டைகளைத் தை மாதம் தொட்டியில் போட்டேன், இருபது கொட்டை, ஒன்று முளைக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இலுப்பை விதை நெல் மாதிரி குதிருக்குள் காத்திருக்காது, சில வாரத்தில் உயிர் போய்விடும், விழுந்த ஈரத்திலேயே முளைத்தாக வேண்டும். ஆடிச் சாரலில் பழுத்து, அன்றைக்கே ஆள் வைத்துச் சதையை நீக்கி, தள்ளிக் கொண்டுபோய் ஈர மண்ணில் போட வேண்டும். அதற்கு ஆள் இருந்தான், நாம் வெடி வைத்து அனுப்பிவிட்டோம்.

இந்த ஆடியில் பையனைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். கோபம் தணிந்திருந்தான், ஆனாலும் "மாமா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பைக்கில் ஏறினான். கையுறை, குடை எல்லாம் அவன் அம்மா கொடுத்துவிட்டது. தோப்பின் அடியில் கொட்டை பளபளவென்று கிடந்தது, ஆச்சி காலத்தில் கிடந்த மாதிரியே. மேலே நிமிர்ந்து பார்த்தான், ஒன்று ஒரு காலில் தொங்கிக்கொண்டு மறு காலால் சாவகாசமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. "நம்மள மாதிரி மூஞ்சி மாமா" என்றான். அக்கரைக்காரர் ஒருத்தர், "என்ன வே, எங்க ஊர்க் கொட்டையப் பொறுக்க வந்துட்டீரு" என்று சிரித்துக்கொண்டே போனார். அது எங்கள் ஊர் இலுப்பையின் கொட்டை என்று சொல்ல வாய் வரை வந்தது, விட்டுவிட்டேன்.

முப்பது கொட்டை கொண்டுவந்து மறுநாளே கொல்லையில் ஊன்றினோம். கையைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினோம், என் தங்கச்சி போனிலேயே நின்றுகொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் பதினோரு முளை வந்தது. அதில் ஐந்தைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டது, ஆறு நிற்கிறது. வருகிற சனிக்கிழமை உடைமுள் வெட்டிக்கொண்டு வந்து வேலி அடைக்க வேண்டும்.